ஹேவ்லாக் டிரிப்: அண்டர்வாட்டர் ஹவுசிங்கை விமானத்தில் எப்படி எடுத்துப்போவது, மழைக்காலத்தில் வீட்டில் எங்கே வைப்பது?

பவழத்திட்டு:

வணக்கம். ஜனவரியில் சென்னையிலிருந்து அந்தமான் போகிறேன், ஹேவ்லாக்கில் பத்து நாள் டைவிங். முழு செட்டையும் தூக்கிப்போவது இதுதான் முதல் தடவை. கையில் இருப்பவை: மிரர்லெஸ் கேமராவுக்கான அலுமினிய ஹவுசிங் (கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் நீர்புகா கூடு), 8 அங்குல அக்ரிலிக் டோம் (லென்ஸுக்கு முன்னால் மாட்டும் குவிந்த ஜன்னல்), மேக்ரோவுக்குத் தட்டைப் போர்ட் (தட்டையான ஜன்னல்), ஸ்ட்ரோப் (தண்ணீருக்குள் அடிக்கும் ஃபிளாஷ்) இரண்டு, வீடியோ லைட் ஒன்று, வெளியே மாட்டும் க்ளோஸ்-அப் லென்ஸ் ஒன்று, லைட்டைத் தாங்கும் ஆர்ம், க்ளாம்ப் வகையறா. ஹவுசிங்கில் வேக்குவம் வால்வும் (உள்காற்றை உறிஞ்சி எடுத்துக் கசிவு பார்க்க) லீக் அலாரமும் உண்டு.

கேள்விகள்:

1. விமானத்தில் ஹவுசிங்கை ஓ-ரிங்கோடு (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) பூட்டி அனுப்பலாமா? கழற்று என்று ஒரு கட்சி, தூசி விழும், கழற்றாதே என்று இன்னொரு கட்சி.
2. பெலிக்கன் 1510 பெட்டி வாங்கலாமா? கேபினுக்குள் போகும் அளவு என்கிறார்கள்.
3. எந்தப் பேட்டரி கையில், எது லக்கேஜில்?
4. திரும்பி வந்தபின் ஏழெட்டு மாதம் சும்மா இருக்கும். வீடு திருவான்மியூர், கடற்காற்று அடிக்கும். அதே பெட்டியில் போட்டு மூடி வைத்துவிடலாமா?

ஆழமானி:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கழற்றுங்கள். காரணம் தெரிந்தால் சந்தேகமே வராது.

விமானம் மேலே ஏறியதும் கேபின் அழுத்தம் 8000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறையலாம், அதாவது சுமார் 750 மில்லிபார். சரக்கு அறையிலும் அதே அழுத்தம்தான். சென்னையில் பூட்டிய ஹவுசிங்குக்குள் இருப்பது 1013 மில்லிபார். வித்தியாசம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய கால் கிலோ. பின்கதவு 15க்கு 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 180 சதுர செ.மீ. கிட்டத்தட்ட 48 கிலோ விசை கதவை உள்ளிருந்து வெளியே தள்ளும். போர்ட் வாய் 12 செ.மீ. விட்டம் என்றால் அங்கே 30 கிலோ.

30 மீட்டர் ஆழத்தில் அதே கதவின் மேல் 550 கிலோ அமுக்குகிறதே, 48 கிலோ என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். தண்ணீர் கதவை ஓ-ரிங்கின் மேல் அழுத்தி அடைப்பை இறுக்குகிறது, ஹவுசிங் அதற்காகத்தான் கட்டப்பட்டது. விமானத்தில் தள்ளு எதிர்த்திசையில். லாட்ச் (கதவுக் கொக்கி) லேசாக வளைந்து கொடுக்கும், கதவு ஒரு மயிரிழை எழும்பும், ஓ-ரிங் பள்ளத்தை விட்டு மேலே வரும், காற்று கசியும். இறங்கும்போது கதவு திரும்பி உட்கார, எழும்பிய ஓ-ரிங் விளிம்பில் நசுங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் டைவில் தெரியும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. காற்று கசிந்து உள்ளே 750 ஆகிவிட்டால் தரையில் கதவு திறக்காது, வெளிக்காற்று அதே 48 கிலோவோடு அமுக்கிக்கொண்டிருக்கும். அப்போது ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். வேக்குவம் வால்வை விடுவித்தால் போதும்.

"வால்வு மூடியைத் திறந்து வைத்தாலே போதுமே, ஓ-ரிங்கை ஏன் தொட வேண்டும்" என்பவர்களுக்கு: பல வால்வுகள் மூடியைக் கழற்றியதும் தானாகத் திறப்பதில்லை. பட்டனை அமுக்கினால்தான், அல்லது குமிழை இழுத்தால்தான் காற்று போகும். உங்களுடையது எந்த ரகம் என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் பின்கதவு ஓ-ரிங்கை எடுத்துவிடுங்கள். ஜிப் கவரில் போட்டு ஹவுசிங்குக்குள்ளேயே வையுங்கள். கைப்பிடியில் "ஓ-ரிங் இல்லை" என்று சிவப்பு நாடா கட்டுங்கள். கழற்றியதால் வரும் ஒரே ஆபத்து, போட மறப்பதுதான். தூசி பற்றிக் கவலையே வேண்டாம். அங்கே போய் எப்படியும் பள்ளத்தைத் துடைத்துத்தான் போடப்போகிறீர்கள்.

ஸ்ட்ரோபுக்கும் லைட்டுக்கும் இதே கதைதான். பேட்டரியை எடுத்துவிட்டு மூடியை அரைச் சுற்று தளர்த்தி விடுங்கள்.

லீக் அலாரத்தின் பட்டன் செல்லையும் கழற்றிவிடுங்கள். செக்-இன் பெட்டிக்குள் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டு பீப் பீப் என்று கத்தினால் விளக்கம் சொல்லப்போவது நீங்கள்தான்.

திருக்கைவால்:

பெலிக்கன் 1510 நல்ல பெட்டிதான், ஆனால் ஃபோம் இல்லாமலே 5.4 கிலோ, ஃபோமோடு 6 கிலோவைத் தாண்டும். உள்நாட்டு விமானங்களில் கேபின் கணக்கு பெரும்பாலும் 7 கிலோ. மீதி ஒரு கிலோவில் என்ன வைப்பீர்கள்? அளவு பொருந்தும், எடை பொருந்தாது. அதே கம்பெனியின் ஏர் வரிசை 1535 ஃபோம் இல்லாமல் 4 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அதுவும் கேபினுக்கு அதிகம்தான்.

நான் சொல்லும் முறை: ஹார்ட் கேஸ் செக்-இன்னுக்கு, ஒரு கிலோவுக்குள் இருக்கும் மெல்லிய முதுகுப்பை கேபினுக்கு.

கேபின் பையில்: கேமரா பாடி, லென்ஸ், டோம், க்ளோஸ்-அப் லென்ஸ், எல்லா ஸ்பேர் பேட்டரியும், ஓ-ரிங் கிட். டோம் ஏன் கையில் என்றால், 8 அங்குல அக்ரிலிக்கைப் பெட்டியில் வைத்தால் மேலிருந்து அழுத்தும் எதுவும் நேராக அதன் உச்சியில் உட்காரும். நியோப்ரீன் உறையைப் போட்டு, உள்பக்கம் ஒரு மைக்ரோஃபைபர் துணியைச் சுருட்டி வைத்து, வாய் கீழே பார்க்கும்படி வையுங்கள்.

செக்-இன் பெட்டியில்: ஹவுசிங், ஸ்ட்ரோப், ஆர்ம், ட்ரே (ஹவுசிங்குக்கு அடியில் கைப்பிடி மாட்டும் தட்டு), டூல். ஆலன் கீ, ஸ்க்ரூடிரைவரை எல்லாம் கேபினில் வைத்தால் செக்யூரிட்டியில் பிடுங்கிவிடுவார்கள். ஹவுசிங்கில் கைப்பிடியைக் கழற்றுங்கள். பெட்டி விழும்போது அடி கைப்பிடி வழியாக ட்ரே போல்ட்டுக்குப் போய் அடித்தட்டை வளைக்கும். உள்ளே காலியாக இருக்கும் ஹவுசிங்கில் கேமரா ட்ரே ஆடாமல் இருக்க ஒரு சாக்ஸை அடைத்துவிடுங்கள். ஷட்டர் லீவர், ஜூம் நாப் இரண்டும் ஃபோமில் மோதாதபடி திருப்பி வையுங்கள். மணிக்கணக்கில் அமுங்கிக் கிடந்தால் லீவர் வளையும், அதற்குக் கடலுக்குள் போகவே வேண்டாம்.

வெட்சூட் இருந்தால் ஃபோமே வேண்டாம். 5 மி.மீ. வெட்சூட்டில் ஸ்ட்ரோபைச் சுற்றி, காலில் மாட்டும் துடுப்புகளுக்கு நடுவில் வைத்தால் எந்த ஃபோமுக்கும் குறைவில்லை. ஃபோமின் எடையும் மிச்சம். பெட்டியின் மேல் கேமரா பிராண்ட் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், உள்ளே விலை உயர்ந்தது இருக்கிறது என்று விளம்பரம் எதற்கு? பூட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் டை (கேபிள் கட்டும் பட்டை). திறக்கச் சொன்னால் வெட்டிவிட்டுப் புது டை போடலாம். உள்ளே பத்து டை கூடுதலாக வையுங்கள்.

பேட்டரி: ஸ்பேர் லித்தியம் எதுவாக இருந்தாலும் கேபினில்தான், செக்-இன்னில் கூடவே கூடாது. 100 வாட் ஹவர் வரை தடையில்லை. 100 முதல் 160 வரை ஏர்லைன் அனுமதி வேண்டும், ஸ்பேர் இரண்டுதான். அதற்கு மேல் பயணிக்குக் கிடையாது. வீடியோ லைட் பேக்கில் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வோல்ட்டை எம்.ஏ.எச். ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கவும். 14.4 வோல்ட், 6800 என்றால் 97.9, பிரச்சினையில்லை. அதே பேக்கின் லேபிளில் 14.8 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் 100.6! கவுண்டரில் இருப்பவர் லேபிளைத்தான் படிப்பார். 18650 செல் (டார்ச்சில் போடும் உருளை லித்தியம் செல்) ஒன்று 12 வாட் ஹவர் சுற்றித்தான் வரும், அதில் கவலையில்லை. ஆனால் சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு போடாதீர்கள், பிளாஸ்டிக் டப்பாவில் தனித்தனியாக இருக்கட்டும்.

டைவ் லைட்டைத் தண்ணீருக்கு வெளியே எரியவிட்டால் ஃபோம் கருகும் அளவுக்குச் சூடாகும். பைக்குள் சுவிட்ச் தானாக அமுங்குவது அரிதல்ல. பேட்டரியைப் பிரித்துத்தான் எடுத்துப்போக வேண்டும். ஸ்ட்ரோபின் எனலூப் வகை ரீசார்ஜ் ஏஏ செல்கள் லித்தியம் அல்ல, என்றாலும் அவற்றையும் டப்பாவில் போட்டுக் கையில் வைப்பதே மேல்.

நுரைமீன்:

திருக்கைவால் ஜி, ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். ஹவுசிங்கும் கேபினில்தான் வர வேண்டும். மற்றதெல்லாம் தொலைந்தால் கடையில் இரவல் கிடைக்கும், அந்தக் கேமராவுக்கான ஹவுசிங் ஹேவ்லாக்கில் கிடைக்காது. கேமராவை ஹவுசிங்குக்குள்ளேயே வைத்தால் இடம் மிச்சம், இரண்டும் சேர்ந்து மூன்றரை கிலோ. டோமும் பேட்டரியும் சேர்ந்தாலும் 7க்குள் நிற்கும். லென்ஸைச் சட்டைப்பையில் வையுங்கள், எடைத்தட்டில் ஏறாது :)

திருக்கைவால்:

@நுரைமீன் லாஜிக் சரி. ஆனால் கேமராவை உள்ளே வைத்தால் எக்ஸ்ரேயில் உருவம் குழம்பி வெளியே எடுக்கச் சொல்வார்கள். கியூவில் நின்றுகொண்டு ஹவுசிங்கைத் திறந்து கேமராவை உருவ வேண்டியிருக்கும். அதற்குத் தயார் என்றால் உங்கள் முறையே நல்லது.

பவழத்திட்டு:

எல்லோருக்கும் நன்றி. 48 கிலோ கணக்குக்குப் பிறகு ஓ-ரிங் விவாதம் முடிந்தது. ஹேவ்லாக்கில் இறங்கியபின் எங்கே அசெம்பிள் செய்வது? ஏசி அறையில் செய்தால் டோமில் பனி படியும், வெளியில் செய் என்று ஒருவர் சொன்னார். படகில் ரின்ஸ் தொட்டி (உப்பு போக அலசும் நல்ல தண்ணீர்த் தொட்டி) இருக்கும், அதில் போட்டு வைக்கலாமா?

ஆழமானி:

சொன்னவர் தலைகீழாகச் சொல்லிவிட்டார். ஏசி அறையில்தான் செய்ய வேண்டும்.

டோமின் உள்பக்கம் பனிப்பது ஹவுசிங்குக்குள் நீங்கள் அடைத்த காற்றின் ஈரத்தால். வெளியே 31 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அந்தக் காற்று 27 டிகிரியில் பனிக்கத் தொடங்கும். அந்தமான் தண்ணீர் ஜனவரியில் அதை ஒட்டித்தான் இருக்கும், கீழே குளிர்ந்த அடுக்கு ஒன்று வந்தால் டோம் மங்கிவிடும். ஏசி அறையில் 24 டிகிரி, 50 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 13 டிகிரி. அந்தமானில் எந்த டைவிலும் அவ்வளவு குளிர்ந்த தண்ணீரைப் பார்க்கமாட்டீர்கள். அசெம்பிள் செய்ததை வெளியே கொண்டுவந்ததும் டோம் மங்கும், அது வெளிப்பக்கம், பத்து நிமிடத்தில் போய்விடும். செய்யக்கூடாதது ஒன்றுதான்: ஏசியில் குளிர்ந்த கேமராவைப் படகில் வைத்துத் திறப்பது. லென்ஸ், சென்சார் எல்லாம் வேர்க்கும்.

சிலிகா ஜெல் போடுவதாக இருந்தால் ஒன்றிரண்டு கிராம் பாக்கெட் ஒன்று தாராளம். 2 லிட்டர் காற்றில் அந்த 31 டிகிரி ஈரமே 0.05 கிராம்தான். ஆனால் பாக்கெட் சீல் பிரிக்காததாக இருக்க வேண்டும். பை அடியில் இரண்டு மாதமாகக் கிடப்பது ஏற்கெனவே குடித்து முடித்திருக்கும்.

ஓ-ரிங் போடும் முறை: எடுக்க ஊக்கு, கத்தி முனை ஆகாது, பழைய ஏடிஎம் கார்டின் மூலை போதும். பள்ளத்தைத் துடைக்க நூல் விடாத துணி. பழைய வேட்டித் துணியும் காது பட்ஸும் நூல் விடும். தலைமுடி ஒன்று குறுக்கே கிடந்தாலே தண்ணீருக்கு வழி. போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பள்ளத்தில் கிடப்பது நிழலோடு தெரியும். கிரீஸ் பச்சைப்பயறு அளவு, விரலில் தேய்த்து ஓ-ரிங்கை அதன் வழியே உருவுங்கள். பளபளக்க வேண்டும், வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கக்கூடாது. கிரீஸ் தண்ணீரைத் தடுக்காது, ரப்பர் வழுக்கி உட்கார மட்டும்தான் அது. அதிகமானால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹவுசிங்கோடு வந்த கிரீஸை மட்டும் பயன்படுத்துங்கள். சிலிகான் ரப்பர் ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் போட்டால் சில சமயம் ஊதி, பள்ளத்தில் அடங்காமல் போகும்.

வேக்குவத்தை (வால்வு வழியே உள்காற்றை இழுப்பதை) முந்தைய இரவே போட்டு வைப்பது உத்தமம். மெல்லக் கசிவது அரைமணியில் தெரியாது, இரவு முழுக்க விட்டால் தெரியும். ஒரு எச்சரிக்கை: 24 டிகிரி அறையிலிருந்து 34 டிகிரி வெயிலுக்கு வந்தால் உள்ளே 800 மில்லிபார் 827 ஆகும், கசிவே இல்லாமல். வெப்பத்தை ஈடுசெய்யாத அலாரம் என்றால் விளக்கின் நிறம் மாறிப் பயமுறுத்தும். நிழலில் வைத்து மறுபடி பாருங்கள்.

படகில்: ரின்ஸ் தொட்டியில் முக்கி எடுங்கள், விட்டுவிட்டு நகராதீர்கள். நாலு பேர் கேமரா ஒன்றோடொன்று மோதும், பக்கத்து ஆர்ம் உங்கள் லாட்சைத் தட்டும். அதோடு அரை மீட்டர் தண்ணீரில் ஓ-ரிங்கை அழுத்தும் விசையும் குறைவு. முப்பது மீட்டரில் கசியாதது தொட்டியில் கசிவதுண்டு. ஈரத் துண்டைப் போர்த்தி நிழலில் வைப்பதே சரி. துண்டு இரண்டு வேலை செய்கிறது: உப்பு காயாது, கறுப்பு ஹவுசிங் வெயிலில் கொதிக்காது. க்ளோஸ்-அப் லென்ஸை வெயிலைப் பார்த்து வைக்காதீர்கள், பூதக்கண்ணாடிபோலக் குவித்து எதிரில் இருப்பதைப் பொசுக்கிவிடும்.

உப்புக்காற்று:

நாலாவது கேள்விக்கு யாரும் வரவில்லை போலிருக்கிறது. திருவான்மியூர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைசி டைவ் முடிந்த அன்று ஹவுசிங் காயவே கூடாது. காய்ந்தால் பட்டன் தண்டுகளில் உப்புப் பூத்துவிடும். அந்தப் படிகங்கள் அமுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளிருக்கும் குட்டி ஓ-ரிங்கை அறுக்கும். அறைக்கு வந்ததும் பக்கெட்டில் நல்ல தண்ணீர், குறைந்தது ஒரு மணி நேரம், மூடிய நிலையிலேயே. ஒவ்வொரு பட்டனையும் தண்ணீருக்குள் இருபது தடவை அமுக்குங்கள், நாப்களைச் சுற்றுங்கள். சென்னை வந்தபின் இன்னொரு தடவை இரவு முழுக்க.

இங்கேதான் ஒரு சிக்கல். போர் தண்ணீரிலேயே உப்பு அதிகம் இருந்தால் கடலுப்பைக் கழுவி போர் உப்பை ஏற்றுகிற கதைதான். ஊறவைக்க எந்தத் தண்ணீரானாலும் சரி, கடைசி அலசல் கேன் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ இருக்கட்டும். இருபது லிட்டர் கேன் ஒன்று முழு செட்டுக்கும் போதும். டோமில் வட்ட வட்டமாக வெள்ளைத் தழும்பு விழுவது இந்த இடத்தில்தான். அக்ரிலிக் டோமை கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயாலோ ஸ்பிரிட்டாலோ துடைக்காதீர்கள், நுண்விரிசல் ஓடும். வெளிக்கீறல் தண்ணீருக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும், உட்புறக் கீறல் மறையாது. எனவே உள்பக்கத்தைத் தேவையில்லாமல் தொடவே வேண்டாம்.

ட்ரே, கைப்பிடி, க்ளாம்ப் எல்லாவற்றையும் பிரித்துப்போடுங்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் உப்போடு சேர்ந்து உட்கார்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். வெள்ளை மாவுபோலப் பூத்து, ஆறு மாதத்தில் போல்ட் அசையாது, ஆலன் கீ தலையை உருட்டிவிடும். பிரித்து, அலசி, காயவைத்து, மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் (போல்ட் இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) ஒரு பொட்டு வைத்துத் தளர்வாக மாட்டுங்கள். மோட்டார் வண்டிக்கு அடிக்கும் ஸ்ப்ரே எண்ணெய் ரப்பருக்கு ஆகாது.

அதே பெட்டியில் மூடி வைப்பது பற்றி: வேண்டவே வேண்டாம். ஃபோம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பெட்டியோ காற்றே புகாதது. ஐப்பசி கார்த்திகை மழையில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. சில வருடத்தில் ஃபோமே பிசுபிசுத்துப் பொடியாகி ஹவுசிங்கில் ஒட்டும். பெட்டியைத் திறந்து வைத்துத் தனியே காயப்போடுங்கள்.

கேமரா, லென்ஸ், போர்ட், க்ளோஸ்-அப் லென்ஸ் ஆகியவை டிரை கேபினட்டில் (ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி), ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். கேபினட் இல்லாவிட்டால் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ சிலிகா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. 55 தாண்டினால் ஜெல்லை ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வறுத்துத் திரும்பப் போடுங்கள். நிறம் மாறுவதில் ஆரஞ்சு ரகம் வாங்குங்கள். நீல ரகத்தில் கோபால்ட் இருக்கிறது, சமையல் ஓவனில் வைக்கக்கூடியதல்ல. பாச்சை உருண்டை போட்ட பீரோ வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும்.

ஹவுசிங்குக்குக் கேபினட் தேவையில்லை. பின்கதவை லாட்ச் போடாமல் சும்மா சாத்தி, பருத்திப் பையில், அலமாரியில். ஓ-ரிங் வெளியே. மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்தால் உருண்டை ரப்பர் ஒருபக்கம் தட்டையாகிவிடும், பிறகு நிமிராது. துடைத்து, வளைக்காமல், முறுக்காமல் ஜிப் கவரில், இருட்டில். ஃப்ரிட்ஜ் பின்பக்கம், மோட்டார் பக்கம் வேண்டாம், பொறி பறக்கும் இடத்தில் வரும் ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும். டோமின் நியோப்ரீன் உறை முழுக்கக் காய்ந்தபின்தான் மேலே ஏற வேண்டும்.

ஸ்ட்ரோபைப் பேட்டரி இல்லாமல் வைத்து, மாதம் ஒருமுறை செல் போட்டு முழு பவரில் நாலைந்து தடவை அடியுங்கள். மின்தேக்கி வேலை செய்யாமலே கிடந்தால் பலம் இழக்கும். லித்தியம் பேட்டரி பாதிச் சார்ஜில் இருக்கட்டும். ஸ்ட்ரோபுக்கு ஒளி கொண்டுபோகும் ஃபைபர் கேபிளை உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் சுருட்டுங்கள், மடித்த இடத்தில் ஒளி செத்துவிடும்.

நுரைமீன்:

சின்னக் குறிப்பு. அடுத்த டிரிப் இலங்கை, மாலத்தீவு என்றால் புறப்படும்போதே விமானநிலைய சுங்கத்தில் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்குங்கள். பொருளையும் சீரியல் நம்பரையும் காட்ட வேண்டும், எனவே பெட்டியைச் செக்-இன் கொடுப்பதற்கு முன்பே போக வேண்டும். திரும்பி வரும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்விக்கு அதுதான் பதில். அந்தமானுக்கு இது தேவையில்லை.

பவழத்திட்டு:

பிரிண்ட் எடுத்துப் பெட்டி மூடியில் ஒட்டப்போகிறேன். கடைசியாக ஒன்று: ஸ்பேர் ஓ-ரிங் எத்தனை?

ஆழமானி:

பின்கதவுக்கு இரண்டு, போர்ட் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, ஸ்ட்ரோப் பேட்டரி மூடிக்கு இரண்டு. லீக் அலாரத்துக்குப் பட்டன் செல் இரண்டு. இப்போது போட்டிருக்கும் ஓ-ரிங் இரண்டு வருடத்தைத் தாண்டியதென்றால் போகும் முன்பே மாற்றுங்கள். புது ஓ-ரிங்கோடு கேமரா இல்லாத காலி ஹவுசிங்கை முதல் டைவில் ஒருதரம் இறக்கிப் பாருங்கள், உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரைப் போட்டு.